ஸ்ரீவராகத்தில் எடுப்புச் சாப்பாடு

தங்கை ராஜம் கூப்பிட்டதால்தான் திருவனந்தபுரம் போனேன். கணவர் இறந்த பிறகு அவள் ஸ்ரீவராகத்தில் தன் வீட்டுச் சமையலறையிலிருந்தே எடுப்புச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் துபாய்க்கும் பம்பாய்க்கும் போய்விட, கோட்டையைச் சுற்றியுள்ள தெருக்களில் தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு மதியம் ஆளுக்கொரு கேரியர். ரத்த அழுத்தம் ஏறிக்கிடக்கிறது, இனி முடியவில்லை, மூடிவிடட்டுமா என்று போனில் கேட்டாள். மூடாதே, வந்து பார்க்கிறேன் என்றேன். நான் கோயம்புத்தூரில் தொழில் மேலாண்மை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஆலை ஆலையாகப் போய், வேலை நடக்கும் விதத்தைக் கட்டமும் அம்புக்குறியுமாக வரைந்து, எந்த இடத்தில் உழைப்பு வீணாகிறது என்று காட்டியவன்.

அந்தப் பயணத்தில் ஒருவர் தன் வீட்டை விட்டுப் போக நேர்ந்தது. காரணம் நான். அதை விட்டுவிட்டு அவியலையும் மழையையும் மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும்.

நான் போய் இறங்கியது தொண்ணூறுகளின் கடைசியில், இடவப்பாதி என்று அங்கே சொல்லும் ஜூன் மாத மழை பிடித்திருந்த நாட்களில். இறங்கிய அன்று ஹர்த்தால். எங்கள் ஊரில் பந்த் என்றால் கடைக்காரர்கள் பாதி ஷட்டரைத் தூக்கி வைத்துக்கொண்டு தெருவை எட்டிப் பார்ப்பார்கள். இங்கே ஒரு பெட்டிக்கடைகூடத் திறக்கவில்லை. எதற்காக ஹர்த்தால் என்று ஸ்டேஷன் வாசலில் நின்ற போலீஸ்காரரைக் கேட்டேன். நாளைக்குப் பேப்பரில் வரும் என்றார்.

பெட்டியோடு நடக்க ஆரம்பித்தேன். ஒரு ஸ்கூட்டர் வந்து பக்கத்தில் நின்றது. முன்பக்கம் அட்டையில் ‘ஆஸ்பத்திரி’ என்று மலையாளத்தில் எழுதிக் கட்டியிருந்தது. ஓட்டியவர் என்னைவிட இருபது வயது இளையவர். எங்கே போகவேண்டும் என்று கேட்டுவிட்டு, “ஏறுங்கள். வயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பேச்செல்லாம் நான் பேசிக்கொள்கிறேன்” என்று மலையாளத்தில் சொன்னார். கிழக்கேகோட்டையில் கொடியோடு நின்ற நாலைந்து பேர் மறித்தார்கள். “மாமனார். நேற்று ராத்திரியிலிருந்து பேதி” என்றார் இவர். எல்லோரும் மரியாதையாக ஓரடி பின்வாங்கினார்கள். நான் முகத்தைச் சுளித்துக்கொண்டேன். ராஜத்தின் வாசலில் இறக்கிவிட்டு, ஹர்த்தால் என்றால் வீட்டில் உட்கார முடியவில்லை, காலையிலிருந்து இது நான்காவது மாமனார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே மணியன் கேரியர்களைக் கைக்கு மூன்றாகத் தூக்கிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தான். பாறசாலைப் பக்கத்துக்காரன், ஐம்பது தாண்டியவன். ராஜம் தொழில் தொடங்கிய நாளிலிருந்து கேரியர் கொண்டுபோவது அவன்தான். போன ஹர்த்தாலில் சைக்கிள் காற்றைப் பிடுங்கிவிட்டார்களாம். அதனால் இன்று நடை, நாலைந்து தவணையாக. இன்றைக்கு ஒருநாள் விடுமுறை விட்டால் என்ன என்று கேட்டேன்.

“ஹர்த்தாலுன்னா வயிறு கேக்குமா சாரே?” என்றான்.

அன்றைய சாப்பாடு: சீமச்சக்கை என்கிற கறிப்பலாவில் எரிசேரிக் கூட்டு, மோர்க்குழம்பு போல மாங்காய்ப் புளிசேரி, மிளகு ரசம். எல்லாவற்றிலும் தேங்காய் எண்ணெய். கோயம்புத்தூரில் கடலை எண்ணெய்க்குப் பழகிய என் நாக்கு முதல் வாயில் முரண்டு பிடித்தது, மூன்றாவது வாயில் அடங்கியது.

மறுநாள் முழுவதும் சமையலறை ஓரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து வேலையைக் கவனித்தேன். கேரியர்கள் எல்லாம் அந்தந்த வீட்டாருடையவை. கல்யாணத்துக்கு வந்த பாத்திரங்கள், அடுக்குகளில் பெயர் வெட்டியவை: பார்வதி, சுப்புலக்ஷ்மி, விசாலாக்ஷி. மதியம் மணியன் அவற்றை நிரப்பிக் கொண்டுபோவான். சாயங்காலம் மறுபடி வீடு வீடாகப் போய்க் காலிக் கேரியர்களை எடுத்து வருவான். அவற்றைத் தேய்த்துக் கவிழ்த்தால்தான் அடுத்த நாள் சாப்பாடு போகும். விளக்கு வைத்த பிறகும் ராஜம் கொல்லையில் சாம்பலும் கையுமாகக் குந்தியிருந்தாள்.

ஒன்றைக் கவனித்தேன். எந்தக் கேரியரும் வெறுமையாக வரவில்லை. ஒன்றில் நாலு நந்தியாவட்டை, ஒன்றில் ஒரு எலுமிச்சம்பழம், ஒன்றில் துளி சர்க்கரை. விசாலாக்ஷி என்று பெயர் வெட்டியிருந்ததில் மேலடுக்கு நிறையக் கறிவேப்பிலை. பாத்திரத்தை வெறுமே திருப்பக்கூடாது என்பது எங்கள் அம்மாவும் பார்த்த வழக்கம்தான். சிரித்துக்கொண்டேன். அந்தக் கறிவேப்பிலையைத்தான் ராஜம் மறுநாள் தாளித்தாள்.

வகுப்பில் முதல் நாள் நான் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. ஒரே வேலையைச் செய்கிறவர் ஒரு விதமாகப் பார்ப்பார், செய்யச் சொல்கிறவர் ஒரு விதமாகப் பார்ப்பார், அதன் பலனை வாங்குகிறவர் வேறு விதமாகப் பார்ப்பார். அத்தனை பேரையும் கேட்காமல் கோடு போடாதீர்கள் என்பேன். அதன்படியே கேட்டேன். உனக்கு வேலை எங்கே ஆரம்பிக்கிறது என்று ராஜத்தைக் கேட்டதற்கு, முதல்நாள் சாயங்காலம் மணியன் வந்து விஷயம் சொல்லும்போது என்றாள். இன்னாருக்கு இருமல், இன்னாருக்குப் புளி ஒத்துக்கொள்ளவில்லை, இன்னார் வீட்டில் பேத்தி வந்திருக்கிறாள். அதை வைத்துத்தான் மறுநாள் சமையல். வம்பு என்று நினைத்துக் குறித்துக்கொள்ளாமல் விட்டேன். மணியனுக்கு வேலை சைக்கிளில் மரச்சட்டத்தைக் கட்டும்போது ஆரம்பித்து, இருட்டியபின் அதை அவிழ்க்கும்போது முடிந்தது. எதை விட்டால் சுமை குறையும் என்று இருவரையும் தனித்தனியாகக் கேட்டேன். இருவரும் ஒரே இடத்தைக் காட்டினார்கள்: சாயங்கால நடை.

“எனக்க முட்டு சம்மதிக்கல்ல சாரே. மத்தியானம் ஒரு சவுட்டு சவுட்டிட்டு வந்தாச்சுன்னா, பின்ன அது அம்மைய விளிக்குது” என்று மணியன் முழங்காலைத் தட்டிக் காட்டினான்.

விடை எனக்கு அப்போதே கிடைத்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆளுக்கு இரண்டு புதுக் கேரியர் வாங்கிவிட்டால் போதும். மதியம் நிரம்பியதைக் கொடுத்து, முந்தின நாள் காலியை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். சாயங்கால நடையே வேண்டாம்.

வாங்குகிறவர்களையும் பார்த்துவிடலாம் என்று மூன்றாம் நாள் மணியனோடு போனேன். மழை. கடன் வாங்கிய சைக்கிளில் அவன் பின்னால் போன என் செயின் புத்தன் தெரு முனையில் கழன்று, வேட்டி அதில் சிக்கி, நான் தண்ணீரில் உட்கார்ந்தேன். ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து யாரோ மலையாளத்தில், “இந்த வயதில் சர்க்கஸ் எதற்கு?” என்று கேட்டது காதில் விழுந்தது.

அந்தக் கோலத்தில்தான் வைத்தியநாதன் வீட்டுக்குள் நுழைந்தேன். என் வயதுக்காரர். மராமத்து இலாகாவில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர். மனைவி விசாலாக்ஷி போய்ப் பல வருஷம். ஒரே மகன் பம்பாயில். நீளமான பழைய வீடு, வாசலிலிருந்து கொல்லைக் குளியலறை வரை ஒரே ஓட்டமாக நடை. கொல்லையில் கறிவேப்பிலை மரம் மதிலுக்கு மேலே கிளை விட்டிருந்தது.

துண்டு கொடுத்துத் துடைத்துக்கொள்ளச் சொன்னார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன்.

“ராஜம் சமையலுக்கு என்ன குறைவு? பையன்தான் நித்யம் போன்லே வழக்கடிக்கறான். தனியா இருக்கியே, விழுந்தா கிழுந்தா யார் பாப்பான்னு. சாப்பாடு வரது, ரெண்டு நேரமும் ஆள் வரான்னு சொல்லி அவனை நிறுத்தி வெச்சிருக்கேன். நான் இங்கேயே கிடந்து போகணும்னு ஆசையாக்கும்.”

சாப்பாடு வருகிறது என்பதை மட்டும் என் காது எடுத்துக்கொண்டது.

புது முறையைக் கட்டமும் அம்புமாக வரைந்து பையில் வைத்திருந்த படத்தைக் காட்டினேன். தொழில் தெரிந்தவர் பார்க்கட்டும் என்ற ஆசை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“கோடு நன்னாருக்கு ப்ரொஃபசரே. ஸ்கேல் பழசோ? நடுவிலே கொஞ்சம் தேஞ்சிருக்கு.” பிறகு கேட்டார்: “இதிலே நான் எங்கே?”

வினியோகம் என்ற கட்டத்திலிருந்து போகும் அம்பின் நுனியைத் தொட்டுக் காட்டினேன்.

“அம்பு இருக்கு. ஆளை வரையலையே.” சிரித்தார். அந்தச் சிரிப்பு நின்றதும், “அப்போ வைகுந்நேரம் மணியன் வரவேண்டா, அல்லே?” என்றார்.

சாயங்காலம் வரத் தேவையில்லை என்பதை விளக்கினேன். மணியனுடைய முழங்கால், ராஜத்தின் ரத்த அழுத்தம், சுற்றுக்குச் சுற்று மிச்சமாகும் உழைப்பு. நன்றாகவே விளக்கினேன். மாற்றம் என்றால் முதலில் எல்லோரும் ஏதாவது கேட்பார்கள், பொறுமையாகப் பதில் சொல்லவேண்டும் என்பதும் என் பாடங்களில் ஒன்று. அவர் படத்தை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தார்.

“ஓ. மணியனோட கால் பாவம். சரியாக்கும்.”

அடுத்த நாள் சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். பாத்திரக்கடைக்காரர் தென்காசிப் பக்கத்தவர். தமிழ் கேட்டதும் நாற்காலி போட்டு, பக்கத்து ஓட்டலிலிருந்து ரசவடை வரவழைத்தார். குடிக்க வந்த வெந்நீர் இளஞ்சிவப்பாக இருந்தது. பதிமுகப் பட்டை போட்டது, தைரியமாகக் குடியுங்கள் என்றார். ஒரே அளவில் புதுக் கேரியர்களை எடுத்து வைத்ததும், என்ன பெயர் வெட்டவேண்டும் என்று கேட்டார்.

“பெயர் வேண்டாம், நம்பர் போதும்” என்றேன்.

“அண்ணாச்சி, பாத்திரத்துக்கு நம்பரா? ஜெயிலுக்கா வாங்குதீங்க?” என்றார். இருவரும் சிரித்தோம். நம்பர்தான் வெட்டினார்கள். ராஜத்துக்கு நான் செய்யும் சீர் என்று பெருமையோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

புது முறை ஆரம்பித்தது. இன்னொன்றையும் நானே சொல்லியனுப்பினேன்: கேரியரில் எதையும் போட்டுக் கொடுக்க வேண்டாம். ராத்திரி முழுக்க உள்ளே கிடந்தால் வாடி நாறும், எறும்பு வரும். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். வீட்டாரின் பழைய கேரியர்களை அப்புறம் திருப்பிக் கொடுக்கலாம் என்று ராஜம் பரணில் அடுக்கி வைத்தாள். கறிவேப்பிலை கடையில் வாங்கினாள்.

சொன்னபடியே எல்லாம் நடந்தது. மணியன் மதியம் திரும்பியதும் சாப்பிட்டுத் தூங்கினான். ராஜம் பகலிலேயே கேரியர் தேய்த்து முடித்தாள். ஒரு வாரம் கழித்து, அவளைச் சங்குமுகம் கடற்கரைக்கு அழைத்துக்கொண்டு போனேன். பஸ்ஸின் கூரை ஒழுகியது. ஒருவர் உட்கார்ந்தபடியே குடையை விரித்துவிட்டார். குடைக்குத் தனி டிக்கெட் எடுக்கவேண்டும் என்றார் கண்டக்டர். முதலில் பஸ்ஸுக்கு ஓடு மாற்றுங்கள் என்றார் குடைக்காரர். ராஜம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடற்கரையில் மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். அலையில் கால் நனைய நின்றுகொண்டு, “சாயங்காலம்னு ஒண்ணு இருக்குங்கறதே மறந்து போயிருந்தது அண்ணா” என்றாள். என் வாழ்நாளில் வரைந்த படங்களிலேயே இதுதான் சிறந்தது என்று அப்போது நினைத்தேன்.

நாங்கள் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தபோது வைத்தியநாதன் தன் வீட்டுக் குளியலறை வாசலில் விழுந்து கிடந்தார். மதியம் சாப்பிட்டுக் கை கழுவப் போனவர், மழைத் தண்ணீரில் வழுக்கிவிட்டார். தொடை எலும்பு முறிந்து நகர முடியவில்லை. போன் வாசல் அறையில். ஒரு பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. இன்னொரு பக்கம் மழைச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் பால் கவர் கேட்டில் தொங்கியது, பேப்பர் விழுந்தது. மதியம் மணியன் போய்க் கதவைத் தட்டி, பதில் இல்லாமல் கொல்லை மதிலேறிக் குதித்துத்தான் பார்த்தான். அந்த முழங்காலோடு. மணியன் ஆட்டோ பிடித்து அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்து சொன்னபோது அவன் சட்டை முழுவதும் ஈரம். ராஜம் கரண்டியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

எலும்பைச் சேர்த்துவிடலாம், விடிய விடிய ஈரத்தில் கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, அதுதான் கவலை என்றார் டாக்டர். நான் ஆரஞ்சுப் பழங்களோடு போனபோது வைத்தியநாதன் விழித்திருந்தார். குரல் மட்டும் சிறுத்திருந்தது.

“வைகுந்நேரம் ஆனதும் சைக்கிள் மணி கேக்கும்னு காத்துண்டு கிடந்தேன். நல்ல மழை, லேட்டாகும்னு நெனச்சேன். அப்பறமாக்கும் ஓர்மை வந்தது, அவன் இனி வரமாட்டானேன்னு.”

குற்றம் சொல்லும் குரல் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். நான் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மகன் விமானத்தில் வந்தான். மரியாதை தெரிந்த பையன். வராந்தாவில் என்னிடம் பேசினான். அப்பா விழுந்ததற்கு நான் யாரையும் சொல்லமாட்டேன் அங்கிள், யாரும் விழலாம். ஆனால் மத்தியானத்திலிருந்து மறுநாள் மத்தியானம் வரை ஒருத்தருக்கும் தெரியாமல் கிடந்திருக்கிறார். ரெண்டு வேளையும் ஆள் வருகிறான் என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாரே, இனிமேல் எதை நம்பி விட்டுவிட்டுப் போவேன் என்று கேட்டான். முறிந்த எலும்புக்கு மழையைக் காரணம் சொல்லலாம். தரையில் கிடந்த நேரத்துக்கு என் படம்தான் காரணம்.

இரண்டு வாரத்துக்கென்று போனவன் அவர் ஆபரேஷன் முடிந்து தேறும்வரை தங்கினேன். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றோ என்னவோ, ராஜம் ஒருநாள் தோசை வார்த்துக்கொண்டே சொன்னாள்: “வேண்டாம்னு நானும்தானே சொன்னேன். எனக்கே தெரியலை, அந்த நடை எதுக்குன்னு.” அது உண்மைதான். அவளுக்கும் தெரியாது, மணியனுக்கும் தெரியாது. ஆனால் தெரிந்த ஒருவர் என்னிடம் கேட்டார். நான் அவருக்குப் பாடம் நடத்தினேன்.

அவரைப் பம்பாய்க்கு அழைத்துப்போகும் நாள் வந்தது. ராஜம் பரணிலிருந்து விசாலாக்ஷி கேரியரை எடுத்துத் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

“அவாத்துப் பாத்திரம். நம்மகிட்டே இருக்கப்படாது. வெறுமே குடுக்காதே.”

வழியில், பூட்டிக் கிடந்த வைத்தியநாதன் வீட்டின் கொல்லைப் பக்கம் போனேன். மதிலுக்கு வெளியே தொங்கிய கிளையிலிருந்து நாலைந்து ஈர்க்குக் கறிவேப்பிலை ஒடித்து மேலடுக்கில் வைத்தேன். கொடுக்க வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரி அறையில் மகன் கணக்கு முடிக்கப் போயிருந்தான். வைத்தியநாதன் சக்கர நாற்காலியில் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். கேரியரை அவர் மடியில் வைத்துவிட்டு, சாயங்கால நடையை நிறுத்தியது நான்தான், நீங்கள் கேட்டதும் எனக்குப் புரிந்திருக்க வேண்டும் என்றேன்.

“தெரியுமே ப்ரொஃபசரே. படத்திலே பாத்தேனே.” மூடியைத் திறந்தார். முகர்ந்து பார்த்தார். “எங்காத்து மரமாக்கும்.”

பிறகு ஒரு ஈர்க்கை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மூடியைப் பொருத்தினார். கேரியரை என்னிடமே நீட்டினார்.

“பம்பாயிலே சோத்துக்குக் குறைவிருக்காது. இதை எடுத்துண்டு போக யார் வரப்போறா? ராஜத்துக்கிட்டேயே இருக்கட்டும். வெறுமே திருப்பலைன்னு சொல்லுங்கோ.”

அதைச் சொல்லித்தான் கொடுத்தேன். ராஜம் இலையை எடுத்து ஈரத்துணியில் சுற்றி வைத்தாள். கேரியரைக் கழுவி, நம்பர் போட்டவற்றின் பக்கத்தில் கவிழ்த்தாள்.

வாசலில் மணியன் சைக்கிளை இறக்கிக்கொண்டிருந்தான். எடுத்துவர எந்தக் கேரியரும் இல்லை. மரச்சட்டம் காலி. அவன் முழங்காலும் அப்படியேதான் இருந்தது. வைத்தியநாதனை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து அவன் யாரும் சொல்லாமலே சாயங்காலம் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தான். நானும் வருகிறேன் என்றேன்.

“சைக்கிள் வேண்டாம் சாரே, அண்ணைக்குப் பாத்தோமே. அந்தத் தெரு வரைக்கும் எனக்க முட்டு எட்டல்ல, அதை நீங்க நடந்து பாருங்க. நான் இந்தப் பக்கம் போறேன்.”

முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே ரேடியோ நின்றது.

“யாரது? கேரியர் நாளைக்கல்லே?” என்று ஒரு பெண்குரல் கேட்டது.

“கேரியருக்கு வரலை. சும்மா பார்த்துட்டுப் போக வந்தேன்” என்றேன். உள்ளே ஊன்றுகோல் சத்தம் மெதுவாக வாசலை நோக்கி வந்தது. கதவு திறக்கும்வரை நின்றேன்.